ஒரே அறை, ஒரே காற்று

1976ஆம் ஆண்டு அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநில நீதிமன்றத்துக்கு ஒரு விநோதமான வழக்கு வந்தது. வழக்குத் தொடுத்தவர் ஒரு தொலைபேசி நிறுவனத்தின் அலுவலகத்தில் வேலை பார்த்த பெண். சிகரெட் புகை அவருக்கு ஒத்துக்கொள்ளாது. உடன் வேலை பார்ப்பவர்களோ தத்தம் மேசையில் அமர்ந்தபடியே புகைத்தார்கள். அவர் நிர்வாகத்திடம் முறையிட்டார். புகையை வெளியேற்ற ஒரு மின்விசிறி பொருத்தப்பட்டது. பயனில்லை. வேறு வழியின்றி நீதிமன்றத்தை நாடினார்.

விசாரணையில் ஒரு செய்தி வெளிவந்தது. அதே நிறுவனம் தன் தொலைபேசி இணைப்புக் கருவிகளுக்கு அருகில் யாரும் புகைக்கக் கூடாது என்று முன்பே விதி செய்திருந்தது. நுட்பமான அந்தக் கருவிகள் புகையால் கெட்டுவிடுமாம்! இயந்திரத்தின் மீது இவ்வளவு அக்கறை கொண்ட நிறுவனம் மனிதர் மீதும் அதே அளவு அக்கறையாவது காட்ட வேண்டாமா என்பது நீதிபதி சொன்னதன் சாரம். வேலை செய்யும் இடத்தில் புகைக்கலாகாது, ஓய்வறை போன்ற இடங்களில் மட்டுமே புகைக்கலாம் என்று அவர் ஆணையிட்டார்.

இன்று பற்பல நாடுகளில் அலுவலகம், உணவகம், மதுக்கூடம் ஆகிய எல்லா இடங்களிலும் புகைக்கத் தடை உண்டு. அந்த நிலை எளிதில் வந்துவிடவில்லை. ஏறத்தாழ 30 ஆண்டுகள் கடும் வாதம் நடந்தது. மருத்துவர்களும் வழக்கறிஞர்களும் வணிகர்களும் தொழிற்சங்கத்தினரும் அதில் கலந்துகொண்டனர். ஆனால் அத்தனை பேச்சுக்கும் அடியில் ஓர் எளிய இயற்பியல் கேள்வி இருந்தது. அறையின் ஒரு மூலையில் எழும் புகை அந்த மூலையிலேயே நின்றுவிடுமா? இக்கேள்விக்கு விடை கண்ட வரலாற்றைத்தான் இங்கே காணப் போகிறோம்.

இரு வகைப் புகை

முதலில் புகையைப் பற்றிச் சிறிது தெரிந்துகொள்வோம். சிகரெட்டிலிருந்து இரு வகைப் புகை வருகிறது. புகைப்பவர் உறிஞ்சும்போது சிகரெட்டின் உடல் வழியாக அவர் வாய்க்குள் செல்வது ஒன்று. இதை முதன்மைப் புகை என்போம். உறிஞ்சாத நேரத்தில் கனன்றுகொண்டிருக்கும் நுனியிலிருந்து நேரே காற்றில் கலப்பது மற்றொன்று. இது பக்கப் புகை. ஓர் அறையில் சேரும் சிகரெட் புகையில் ஏறத்தாழ 85 சதவீதம் பக்கப் புகையே ஆகும். எஞ்சியது புகைப்பவர் உள்ளிழுத்து வெளியே விட்டது.

உறிஞ்சும்போது நுனியின் வெப்பநிலை 900 டிகிரி செல்சியஸ் வரை உயர்கிறது. உறிஞ்சாதபோது அது 600 டிகிரி அளவுக்குக் குறைந்துவிடுகிறது. வெப்பம் குறைந்தால் புகையிலை முழுமையாக எரிவதில்லை. விறகடுப்பில் தீ தணிந்ததும் புகை மிகுவதைப் பார்த்திருப்பீர்கள். அதே கதைதான் இங்கும். அரைகுறையாக எரிவதால் சில நச்சுப் பொருள்கள் முதன்மைப் புகையில் இருப்பதைவிடப் பக்கப் புகையில் மிகுதியாக உண்டாகின்றன. புகைப்பவருக்கு ஒரு வடிகட்டியாவது இருக்கிறது. பக்கத்தில் இருப்பவருக்கு அதுவும் இல்லை.

அடுத்து, புகைத்துகளின் அளவு. இது பெரும்பாலும் ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைவு. மைக்ரோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அசையாத காற்றில் சிறு துகள் எவ்வளவு வேகத்தில் விழும் என்பதை ஸ்டோக்ஸ் விதியைக் கொண்டு கணக்கிடலாம். பட்டப்படிப்பு மாணவர்கள் கிளிசரினில் குண்டு விழும் சோதனையில் பயன்படுத்துவது இந்த விதியைத்தான். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு விட்டமுள்ள தூசி, 3 மீட்டர் உயரக் கூரையிலிருந்து பத்துப் பன்னிரண்டு விநாடிகளில் தரையைத் தொட்டுவிடும். 0.3 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள புகைத்துகள் அதே தூரம் விழ ஒரு வாரத்துக்கும் மேல் ஆகும்! அதுவும் காற்று சற்றும் அசையாமல் இருந்தால். கதவு திறந்து மூடினாலே, ஒருவர் எழுந்து நடந்தாலே, துகள் மீண்டும் மேலெழும்பிவிடும்.

வகுப்பில் நான் இதை ஓர் ஊதுவத்தியை வைத்துக் காட்டுவதுண்டு. மேசையின் ஒரு கோடியில் ஊதுவத்தியைக் கொளுத்தி வைத்துவிட்டு, மணம் தெரிந்ததும் கை தூக்குங்கள் என்பேன். முதல் வரிசைக் கைகள் உடனே உயரும். சில நிமிடங்களில் கடைசி வரிசையும் கை தூக்கிவிடும். எந்த மாணவரும் தன் இடத்தைவிட்டு நகரவில்லை. நகர்ந்தது காற்று.

நடுவே ஒரு கோடு

1970களில் இந்தப் பிரச்சினைக்குக் கண்ட முதல் தீர்வு, இடத்தைப் பிரிப்பது. அமெரிக்க விமானங்களில் புகைக்காதவருக்கெனத் தனி வரிசைகள் ஒதுக்க வேண்டும் என்று 1973இல் விதி வந்தது. 1975இல் மினசோட்டா மாநிலம், பொது இடங்களில் புகைப்போர் பகுதி, புகைக்காதோர் பகுதி எனப் பிரிக்கும் சட்டத்தை இயற்றியது. மாநிலம் முழுமைக்குமாக இத்தகைய சட்டம் வந்தது அங்கேதான் முதன்முறை. உணவகங்களும் அதற்கு உட்பட்டன. மதுக்கூடங்கள் உட்படவில்லை.

அந்நாளில் இது பெரிய முன்னேற்றமே. ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்து வாழ்வோம் என்ற நல்லெண்ணம் அதில் இருந்தது. ஆனால் பிரிக்கப்பட்டவை நாற்காலிகளே. புகைப்போர் பகுதியின் கடைசி வரிசைக்கும் புகைக்காதோர் பகுதியின் முதல் வரிசைக்கும் இடையே இருந்தது ஓர் அறிவிப்புப் பலகை மட்டும். 1986இல் அமெரிக்க அரசின் தலைமை மருத்துவர் கூப் வெளியிட்ட அறிக்கை இதைத் தெளிவாகச் சொல்லிற்று. ஒரே காற்றுவெளியில் இரு சாராரையும் தனித்தனியே அமர்த்துவதால் புகையின் தாக்கம் குறையலாம், ஆனால் நீங்காது என்பது அதன் முடிவுகளுள் ஒன்று. விமானங்களில் 1988இல் இரண்டு மணி நேரம் வரையிலான உள்நாட்டுப் பயணங்களிலும், 1990இல் ஏறத்தாழ எல்லா உள்நாட்டுப் பயணங்களிலும் புகைப்பது நின்றது.

படிகம் போட்ட எடை

வாதத்தை அளவீட்டின் பக்கம் திருப்பியவர்களில் ஓர் இயற்பியலாளர் முக்கியமானவர். ஜேம்ஸ் ரெபேஸ் என்பது அவர் பெயர். அவரும் வேதியியலாளர் ஆல்ஃபிரட் லோரியும் சேர்ந்து வாஷிங்டன் நகரைச் சுற்றியிருந்த உணவகங்கள், மதுக்கூடங்கள், விளையாட்டு அரங்குகள் எனப் பல இடங்களுக்கும் ஒரு சிறு கருவியோடு சென்றனர்.

அந்தக் கருவியின் இதயம் ஒரு குவார்ட்ஸ் படிகம். கைக்கடிகாரத்தில் இருக்கிறதே, அதே வகை. மின்னழுத்தம் கொடுத்தால் அது ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் அதிரும். கருவி காற்றை உள்ளிழுத்து, அதிலுள்ள நுண்துகள்களுக்கு மின்னூட்டம் கொடுத்துப் படிகத்தின் மேல் படியச் செய்கிறது. துகள் படியப் படியப் படிகத்தின் நிறை கூடுகிறது. நிறை கூடினால் அதிர்வெண் குறையும். சுருள்வில்லில் எடையைக் கூட்டினால் அது மெதுவாக ஆடுவதில்லையா, அதே விதி. அதிர்வெண் எவ்வளவு குறைந்தது என்று பார்த்துக் காற்றில் உள்ள துகளின் எடையைக் கணக்கிட்டுவிடலாம்.

1980இல் அவர்களுடைய முடிவுகள் 'சயின்ஸ்' இதழில் வெளியாயின. புகைப்பவர் இல்லாத இடங்களில் ஒரு கன மீட்டர் காற்றில் சில பத்து மைக்ரோகிராம் துகள்களே இருந்தன. புகைப்பவர் இருந்த இடங்களிலோ அது நூற்றுக்கணக்கில் ஏறியது. மிகுதியாக இருந்த இடத்தில் 700 மைக்ரோகிராமை நெருங்கியது. வெளியே தெருவில் ஓடும் வாகனங்களின் புகையைக் கட்டுப்படுத்த அரசு பெருமுயற்சி செய்துகொண்டிருந்த காலம் அது. தெருவைவிட உணவகத்துக்குள் காற்று மோசமாக இருந்தது என்பதை அந்தப் படிகம் எடுத்துக்காட்டிற்று.

துகள் இருப்பது உறுதியாயிற்று. அது நோய் தருமா என்பது அடுத்த கேள்வி.

ஹிராயாமாவின் கணக்கு

இதற்கான விடை ஜப்பானிலிருந்து வந்தது. டோக்கியோவில் தேசியப் புற்றுநோய் மைய ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த தாகேஷி ஹிராயாமா, தாம் புகைக்காத 91,540 மணமான பெண்களை 14 ஆண்டுகள் தொடர்ந்து கணக்கெடுத்திருந்தார். அவர்களுடைய கணவன்மார் எவ்வளவு புகைத்தனர் என்ற விவரமும் அவரிடம் இருந்தது. 1981 ஜனவரியில் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' இதழில் முடிவை வெளியிட்டார். புகைக்காத கணவரின் மனைவிக்கு நுரையீரல் புற்றுநோயால் இறக்கும் வாய்ப்பை 1 என்று கொண்டால், நாளொன்றுக்கு 20 அல்லது அதற்கு மேல் சிகரெட் புகைப்பவரின் மனைவிக்கு அது 2.08 ஆக இருந்தது. கணவர் புகைக்கும் அளவு கூடக் கூட, மனைவியின் ஆபத்தும் கூடியது. அதே ஆண்டின் தொடக்கத்தில் கிரேக்க நாட்டில் ட்ரிக்கோபூலோஸ் குழுவினர் செய்த சிறிய ஆய்வும் இதே திசையைக் காட்டிற்று.

சிகரெட் நிறுவனங்கள் உடனே எதிர்த்தன. ஹிராயாமாவின் புள்ளியியலில் பிழை இருப்பதாகப் பத்திரிகைகளில் பெரிதாகச் செய்தி வரச் செய்தன. ஆனால் அந்தக் கணக்கு சரியானதே என்று அத்துறையின் ஆலோசகர்களே அப்போது கருதினர் என்பது பின்னாளில் வெளியான நிறுவனங்களின் உள் ஆவணங்களிலிருந்து தெரிய வந்தது. அறிவியலில் ஐயம் எழுப்புவது நல்லது. உண்மை என்று தெரிந்தும் ஐயத்தை விலைக்கு வாங்கிப் பரப்புவது வேறு செயல்.

1993 தொடக்கத்தில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, பிறர் விட்ட புகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது. அந்நாட்டில் புகைக்காதவர்களுள் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 பேர் இதனால் நுரையீரல் புற்றுநோய்க்கு இரையாகின்றனர் என்றும் மதிப்பிட்டது. இந்த அறிக்கையும் நீதிமன்றம் ஏறியது. 1998இல் ஒரு நீதிபதி அதன் முக்கியப் பகுதிகளைச் செல்லாதென்றார். 2002இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நீக்கியது.

விசிறியால் தீருமா?

இந்நிலையில் எதிர்த்தரப்பு ஒரு புதிய யோசனையை முன்வைத்தது. தடை எதற்கு? நல்ல காற்றோட்டக் கருவிகளைப் பொருத்தினால் போதாதா? கேட்பதற்கு நியாயமாகவே தோன்றும். இதை நாமே கணக்கிட்டுப் பார்க்கலாம்.

10 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் கொண்ட ஒரு மதுக்கூடத்தை எடுத்துக்கொள்வோம். அதன் கொள்ளளவு 300 கன மீட்டர். பத்துப் பேர் மணிக்கு இரண்டு சிகரெட் வீதம் புகைப்பதாகக் கொள்வோம். ஒரு சிகரெட் காற்றில் சேர்க்கும் நுண்துகளின் எடை தோராயமாக 12 மில்லிகிராம் எனலாம். ஆக, மணிக்கு 240 மில்லிகிராம், அதாவது 2,40,000 மைக்ரோகிராம் துகள் அறைக்குள் வருகிறது.

அறையின் காற்று முழுவதும் மணிக்கு 5 முறை மாற்றப்படுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இது நல்ல காற்றோட்டமே. அப்படியானால் மணிக்கு 1,500 கன மீட்டர் காற்று வெளியே போகிறது. சிறிது நேரத்தில் வரவும் செலவும் சமநிலை அடையும். அப்போது ஒரு கன மீட்டரில் இருக்கும் துகள் 2,40,000ஐ 1,500ஆல் வகுத்தால் கிடைக்கும் 160 மைக்ரோகிராம். உலக நலவாழ்வு நிறுவனம் 2021இல் வகுத்த வழிகாட்டு அளவின்படி, ஒரு நாளின் சராசரி 15 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது.

160ஐ 16 ஆகக் குறைக்க என்ன செய்ய வேண்டும்? காற்று மாற்றத்தைப் பத்து மடங்காக்க வேண்டும். மணிக்கு 50 முறை. அதாவது 72 விநாடிக்கு ஒரு முறை அறையின் காற்று முழுவதும் வெளியேறிப் புதுக்காற்று வர வேண்டும். மேசைத் துணி நிற்காது. குளிர்நாட்டில் அந்தக் காற்றையெல்லாம் சூடாக்கும் செலவை எண்ணிப் பாருங்கள். அப்படியும் எஞ்சிய 16 மைக்ரோகிராம் தெருப்புழுதி ஆகாது. அது புற்றுநோய் தரும் பொருள்கள் அடங்கிய புகை. தீங்கில்லாத அளவு என்று ஒன்று இதற்கு இல்லை என 2006இல் அமெரிக்கத் தலைமை மருத்துவரின் அறிக்கை கூறிற்று.

இது பள்ளிக் கணக்கு போல எளிமைப்படுத்தப்பட்டது என்பது உண்மையே. துகள் சுவரில் ஒட்டுவதையும், அறைக்குள் காற்று சீராகக் கலக்காததையும் நாம் விட்டுவிட்டோம். ஆயினும் அடிப்படை மாறாது. காற்றோட்டக் கருவிகளை வடிவமைப்பதையே தொழிலாகக் கொண்ட அமெரிக்கப் பொறியாளர் சங்கம் 2005இல் இதே முடிவுக்கு வந்தது. உள்ளரங்கப் புகையால் வரும் நலக்கேட்டை முற்றிலும் நீக்க ஒரே வழி, உள்ளே புகைப்பதை நிறுத்துவதே என்று அது அறிவித்தது. தங்கள் கருவிகளால் இது ஆகாது என்று அக்கருவிகளை வடிவமைப்பவர்களே சொன்னது கவனிக்கத் தக்கது.

அங்கே எட்டு மணி நேரம் நிற்பவர் யார்?

தடையை எதிர்த்தவர்கள் எல்லோரும் சிகரெட் நிறுவனங்களின் ஆட்கள் என்று எண்ணிவிடக் கூடாது. அவர்களுள் பலர் உண்மையான ஒரு கொள்கையின் அடிப்படையில் பேசினர். மதுக்கூடம் தனியார் சொத்து. அங்கே என்ன நடக்கலாம் என்பதை உரிமையாளர் முடிவு செய்யட்டும். வயது வந்தவர் தம் உடலுக்குத் தாமே பொறுப்பு. புகை பிடிக்காதவர் வேறு கடைக்குப் போகலாமே! அரசு இதிலும் தலையிட்டால் நாளை எதில்தான் தலையிடாது?

வாடிக்கையாளரை மட்டும் மனத்தில் வைத்துப் பார்த்தால் இந்த வாதத்தில் வலு உண்டு. அவர் ஒரு மணி நேரம் இருப்பார், எழுந்து போவார். வேண்டாம் என்றால் வராமலே இருப்பார். ஆனால் அந்த அறையில் இன்னொருவரும் இருக்கிறார். தட்டை எடுத்து வருபவர், கோப்பை கழுவுபவர், மது ஊற்றிக் கொடுப்பவர். அவர் நாள்தோறும் எட்டு மணி நேரம் அங்கே நிற்கிறார். வேறு வேலைக்குப் போகலாமே என்று அவருக்குச் சொல்வது எளிது. சுரங்கத் தொழிலாளிக்கும் பஞ்சாலைத் தொழிலாளிக்கும் ஒரு காலத்தில் இதைத்தான் சொன்னார்கள். தூசியை ஏற்றுக்கொண்டுதானே வேலைக்கு வந்தாய் என்ற வாதத்தைத் தொழிற்சாலைச் சட்டங்கள் ஏற்கவில்லை. உணவகப் பணியாளருக்கு மட்டும் அது எப்படிப் பொருந்தும்?

கனடாவின் ஒட்டாவா நகரில் ஹெதர் குரோ என்ற பெண்மணி ஏறத்தாழ 40 ஆண்டுகள் உணவகங்களில் பரிமாறும் வேலை செய்தார். அவர் புகைத்ததே இல்லை. 2002இல் அவருக்கு நுரையீரல் புற்றுநோய் எனத் தெரிந்தது. பணியிடத்தில் சுவாசித்த புகையே காரணம் என்பதை ஒண்டாரியோ மாநிலத்தின் தொழிலாளர் காப்பீட்டு வாரியம் ஏற்று இழப்பீடு வழங்கியது. தம்மைப் போல் இன்னொருவர் சாகக் கூடாது என்று அவர் நாடெங்கும் சென்று பேசினார். 2006 மே மாதம் இறந்தார். ஒண்டாரியோவில் பணியிடம், உணவகம், மதுக்கூடம் அனைத்திலும் புகைக்கத் தடை விதித்த சட்டம் அதே மாதம் 31ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது.

வாதம் வாடிக்கையாளரிடமிருந்து பணியாளரிடம் திரும்பியதும் அதன் போக்கே மாறிவிட்டது எனலாம். கலிபோர்னியா மாநிலம் 1994இல் இயற்றிய சட்டம் தொழிலாளர் பாதுகாப்பு என்ற அடிப்படையிலேயே அமைந்தது. 1995இல் உணவகங்களிலும் பணியிடங்களிலும், 1998 ஜனவரி முதல் நாள் மதுக்கூடங்களிலும் புகைப்பது நின்றது. தடைக்கு முன்னும் பின்னும் சான்பிரான்சிஸ்கோவில் மதுக்கூடப் பணியாளர் 53 பேரை மருத்துவர்கள் சோதித்தனர். முன்பு 39 பேருக்கு இருமல், மூச்சிரைப்பு போன்ற தொல்லைகள் இருந்தன. தடை வந்த சில வாரங்களில் அவர்களுள் 23 பேருக்கு அத்தொல்லை நீங்கியிருந்தது.

அயர்லாந்தின் எல்லைக்கோடு

ஒரு நாடு முழுவதும் எல்லாப் பணியிடங்களிலும், மதுக்கூடங்கள் உட்பட, தடை விதித்த முதல் நாடு அயர்லாந்து. இது பலருக்கு வியப்பாக இருந்தது. 'பப்' எனப்படும் மதுக்கூடம் அந்நாட்டில் நம் ஊர்த் திண்ணை மாதிரி. பாட்டும் பேச்சும் அரசியலும் அங்கேதான் நடக்கும். புகை மண்டலம் இல்லாத பப்பை யாரும் கற்பனை செய்ததில்லை.

2003 ஜனவரியில் அறிவியலாளர் குழு ஒன்றின் அறிக்கை அரசிடம் வந்தது. புகை பணியாளருக்குக் கேடு என்றும், காற்றோட்டக் கருவிகள் அதைத் தீர்க்காது என்றும் அது கூறியது. அப்போது நலவாழ்வு அமைச்சராக இருந்தவரும் பின்னாளில் பிரதமரானவருமான மீஹால் மார்ட்டின் முழுத் தடையை அறிவித்தார். மதுக்கூட உரிமையாளர்கள் கடுமையாக எதிர்த்தனர். பணியாளர்களின் தொழிற்சங்கம் ஆதரித்தது. முதலில் குறித்த நாள் தள்ளிப் போனது. இறுதியில் 2004 மார்ச் 29ஆம் நாள் சட்டம் நடைமுறைக்கு வந்தது.

அறிவியலாளருக்கு இங்கே ஓர் அரிய வாய்ப்பு கிடைத்தது. அயர்லாந்துத் தீவில் இரு ஆட்சிகள். தெற்கே அயர்லாந்துக் குடியரசு. வடக்கே பிரிட்டனைச் சேர்ந்த வட அயர்லாந்து. ஒரே தட்பவெப்பம், ஒரே வகையான மதுக்கூடங்கள். தெற்கே தடை உண்டு. வடக்கே 2007 ஏப்ரல் வரை இல்லை. சோதனைச் சாலையில் ஒன்றை மட்டும் மாற்றி மற்றதை அப்படியே வைத்து ஒப்பிடுவோமே, அது இங்கே தானாகவே அமைந்துவிட்டது.

உடலுக்குள் போன நிகோட்டின் சிதைந்து கோட்டினின் என்ற பொருளாக மாறுகிறது. உமிழ்நீரில் இதை அளந்தால் ஒருவர் அண்மையில் எவ்வளவு புகையைச் சுவாசித்தார் என்று தெரிந்துவிடும். தாம் புகைக்காத மதுக்கூடப் பணியாளரிடம் தடைக்கு முன்பும் ஓராண்டு கழித்தும் இதை அளந்தனர். குடியரசில் கோட்டினின் 80 சதவீதம் குறைந்திருந்தது. வட அயர்லாந்தில் 20 சதவீதம் மட்டுமே குறைந்திருந்தது. டப்ளின் நகரில் 42 மதுக்கூடங்களில் செய்த மற்றோர் ஆய்வில், காற்றிலிருந்த நுண்துகள் 83 சதவீதம் குறைந்திருந்தது.

சட்டம் ஒரே இரவில் காற்றை மாற்றிவிட்டது. பத்தாண்டுகளாகப் பொருத்திய விசிறிகளால் ஆகாத காரியம் அது. அதே ஆண்டில் நார்வேயும் நியூசிலாந்தும், 2005இல் இத்தாலியும், 2006இல் ஸ்காட்லாந்தும், 2007இல் இங்கிலாந்தும் அயர்லாந்தைத் தொடர்ந்தன.

மிகைக்கும் இடமில்லை

தடையை ஆதரித்தவர்களின் எல்லாக் கூற்றும் அப்படியே நிலைத்ததா? இல்லை. இதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

அமெரிக்காவில் ஹெலனா என்ற சிறு நகரில் 2002இல் ஆறு மாதம் தடை நடைமுறையில் இருந்தது. மற்ற ஆண்டுகளில் அதே ஆறு மாதத்தில் சராசரியாக 40 பேர் மாரடைப்புக்காக மருத்துவமனையில் சேர்ந்தனர். தடைக் காலத்தில் சேர்ந்தவர் 24 பேர். 40 சதவீதம் குறைந்ததாக எங்கும் பேசப்பட்டது. ஆனால் 40, 24 என்பவை மிகச் சிறிய எண்கள். நாணயத்தைப் பத்து முறை சுண்டினால் ஏழு முறை தலை விழுவதில் வியப்பில்லை. பத்தாயிரம் முறை சுண்டி ஏழாயிரம் முறை தலை விழுந்தால்தான் வியப்பு. பின்னர் இங்கிலாந்து முழுமைக்கும் கணக்கெடுத்தபோது, மாரடைப்பால் மருத்துவமனை சேர்வோர் தடையின் காரணமாகக் குறைந்தது 2.4 சதவீதமே என்று கண்டனர். பெரிய மக்கள்தொகையில் இதுவும் ஆயிரத்துக்கு மேற்பட்டோரைக் காத்ததற்குச் சமம். என்றாலும் 40 எங்கே, 2.4 எங்கே!

எதிர்த்தவர்களின் கூற்றுகளும் அவ்வாறே. 1987இல் கலிபோர்னியாவின் பெவர்லி ஹில்ஸ் நகரில் உணவகத் தடை வந்தபோது, வியாபாரம் 30 சதவீதம் விழுந்துவிட்டதாகக் கூக்குரல் எழுந்து, சில மாதங்களில் சட்டமே தளர்த்தப்பட்டது. விற்பனை வரிக் கணக்கு அத்தகைய வீழ்ச்சியைக் காட்டவில்லை. 1994இல் தடை விதித்த 15 நகரங்களையும் விதிக்காத 15 நகரங்களையும் ஒப்பிட்ட ஆய்விலும் உணவக விற்பனையில் பாதிப்புத் தெரியவில்லை. அயர்லாந்தில் மதுக்கூட விற்பனை குறைந்தது உண்மைதான். ஆனால் அந்தச் சரிவு தடைக்கு முன்பே தொடங்கியிருந்தது. அதில் தடையின் பங்கை மட்டும் தனியே பிரித்தெடுப்பது எளிதன்று.

நம் நாட்டில்

நம் நாட்டில் இந்த வாதம் பெரும்பாலும் நீதிமன்றங்களில் நடந்தது. 1999இல் கேரள உயர் நீதிமன்றம், பொது இடத்தில் புகைப்பது பிறரின் வாழ்வுரிமைக்கு எதிரானது என்று தீர்ப்பளித்தது. 2001 நவம்பரில், முரளி தேவ்ரா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் மருத்துவமனை, கல்வி நிலையம், நூலகம், அரசு அலுவலகம், பேருந்து, ரயில் போன்ற இடங்களில் புகைப்பதைத் தடுக்க ஆணையிட்டது. 2003இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. 2008 அக்டோபர் 2ஆம் நாள், காந்தியடிகள் பிறந்த நாளில், உணவகமும் பணியிடமும் உள்ளிட்ட பொது இடங்களுக்கான புதிய விதிகள் நடைமுறைக்கு வந்தன.

ஆயினும் ஒரு விலக்கு வைத்தார்கள். 30 அல்லது அதற்கு மேல் இருக்கைகள் கொண்ட உணவகங்களில் புகைப்பதற்கெனத் தனி இடம் அமைக்கலாம். அந்த இடத்துக்கு முழு உயரச் சுவர் வேண்டும், தானே மூடிக்கொள்ளும் கதவு வேண்டும், காற்று நேரே வெளியே போக வேண்டும் என்று விதிகள் கூறுகின்றன. இவை இயற்பியலை ஒப்புக்கொண்ட விதிகள். வெறும் கோடு போதாது என்பதை 1975இன் மினசோட்டாவைவிட நன்றாக அறிந்த விதிகள். ஆனால் கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் காற்று வெளியே வரும். உள்ளே சாம்பல் தட்டை எடுத்துச் சுத்தம் செய்பவருக்கு அந்தச் சுவர் எந்தப் பாதுகாப்பும் தராது.

பிறர் விட்ட புகையால் உலகில் ஆண்டுதோறும் 12 லட்சத்துக்கு மேற்பட்டோர் இறக்கின்றனர் என்று உலக நலவாழ்வு நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. இதில் பெரும்பகுதி மதுக்கூடங்களில் நிகழ்வதன்று, வீடுகளிலும் நிகழ்வது. வீட்டுக்குள் எந்தச் சட்டமும் நுழைவது கடினம். அங்கே நுழையக் கூடியது அறிவு ஒன்றே. ஜன்னலருகே நின்று புகைத்தால் போதும் என்றோ, குழந்தை அடுத்த அறையில்தானே தூங்குகிறது என்றோ எண்ணுபவர் நம் குடும்பங்களில் இல்லையா? அவர்களுக்கு இந்தக் கணக்கை மாணவர்கள் பொறுமையாகச் சொல்லிக் காட்டலாம். சுவரை ஒட்டி நின்றாலும் ஜன்னலை ஒட்டி நின்றாலும் புகைத்துகள் ஒரு வாரம் கீழே இறங்காது. அதற்குள் வீட்டில் உள்ள எல்லோரும் எத்தனை முறை மூச்சு விடுவார்கள்? மனிதர் நிமிடத்துக்கு 15 முறை சுவாசிப்பதாக வைத்துக் கணக்கிட்டுப் பாருங்கள்.